கொதிச்ச பானையைக் கொழும்புச் சூட்டில ஆற வைக்கிறது எப்பிடி: வீட்டிலேயே வோர்ட் சில்லர் கட்டுற முழு வழிகாட்டி

கனடாவில, ஸ்காபரோவில இருக்கிற என்ர மச்சான் வீட்டில பியர் காய்ச்சுறவர். வட்டமாச் சுத்தின கொப்பர் பைப்பைக் கொதிக்கிற பானைக்குள்ள இறக்கி, அதுக்குள்ளால குழாய்த் தண்ணிய விட்டால் பதினஞ்சு நிமிஷத்தில 20 டிகிரிக்கு வந்திடும், நீயும் ஒண்டு கட்டு எண்டு வீடியோ அனுப்பினார். அந்தச் சுருளுக்குப் பேர்தான் வோர்ட் சில்லர். நானும் வெள்ளவத்தையில ஒண்டைக் கட்டி, குழாயைத் திறந்து, அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டு நிண்டன். தேர்மோமீட்டர் 37ல ஒட்டிப்போய் நிண்டுது, அசையவே இல்ல. பிறகுதான் மண்டையில ஓடிச்சு, அவர்ட குழாயில மாரியில வாறது 4, 5 டிகிரித் தண்ணி, என்ர குழாயில வாறது 30 டிகிரி. 30 டிகிரித் தண்ணியால எந்தப் பானையையும் 30க்குக் கீழ கொண்டு போகேலாது, 30க்குக் கிட்டப் போறதே பெரிய பாடு. அதால வெளிநாட்டு வீடியோவில காட்டுறது எங்களுக்கு அரைவாசிச் சாமான்தான், மற்ற அரைவாசி ஐஸ் பெட்டியும் ஒரு சின்னப் பம்பும். ரெண்டையும் சேத்து எழுதுறன்.

முதல்ல ஒரு விசயம். இலங்கையில லைசன்ஸ் இல்லாமல் வீட்டில பியர் காய்ச்சேலாது, 1912ம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இப்பவும் இருக்கு. நான் இதைக் கட்டினது ஜிஞ்சர் பியருக்கும், கொம்புச்சா எண்டு சொல்ற புளிக்க வைச்ச தேத்தண்ணிக்கும். நத்தாருக்கு எங்கட குடும்பத்துக்கு மட்டும் 20 லீட்டர் ஜிஞ்சர் பியர் வேணும், அதைக் காய்ச்சி இறக்கினால் மூடி போட்ட பானை இரவு எட்டு மணியில இருந்து விடிய அஞ்சு மணி வரைக்கும் இளஞ்சூட்டிலயே கிடக்கும். சீனியும் இளஞ்சூடும் சேந்தால் கண்ட கிருமிக்கெல்லாம் கல்யாண வீடு. நாங்கள் போடப்போற ஈஸ்ட் உள்ள போறதுக்கு முதல் வேற ஆக்கள் பந்தியில இருந்திடுவினம். சூட்டோட ஈஸ்டைப் போடவும் ஏலாது, 50 டிகிரிக்கு மேல அது செத்திடும், 30க்குக் கீழ வந்தாப் பிறகு போடுறதுதான் நல்லம். பியர் காய்ச்சுறவைக்கு இன்னொரு காரணமும் இருக்கு. மோல்ட்டை, அதாவது முளைக்க வைச்சுக் காய வைச்ச பார்லியைக் காய்ச்சி எடுக்கிற இனிப்புத் தண்ணியத்தான் வோர்ட் எண்டு சொல்றது, அது கன நேரம் சூட்டில கிடந்தால் டீஎம்எஸ் எண்ட பொருள் உண்டாகி அவிச்ச கோவா மாதிரி மணக்கத் தொடங்கும். எங்கட இஞ்சித் தண்ணிக்கு அந்தப் பிரச்சினை இல்ல. ஆற வைக்கிற சாமான் ரெண்டுக்கும் ஒண்டுதான்.

உண்மையச் சொன்னால், ஒரு தடவைக்கு எட்டு லீட்டருக்குக் கீழதான் காய்ச்சுவீங்கள் எண்டால் இதைக் கட்டாதேங்கோ. சிங்க்கை அடைச்சு, தண்ணியும் ஐஸும் போட்டு, பானையை அதுக்குள்ள வைச்சுக் கிண்டினால் போதும். பாதித் தண்ணியில கெட்டியாக் காய்ச்சிப் போட்டு மிச்சத்துக்குக் குளிர்தண்ணி ஊத்தலாமே எண்டும் கேப்பீங்கள். ஊத்தலாம், ஆனால் அந்தத் தண்ணியையும் கொதிக்க வைச்சு ஆத்தி ஃப்ரிட்ஜில வைக்கவேணும், பத்து லீட்டர் வைக்க என்ர ஃப்ரிட்ஜில இடமில்ல, மீன் குழம்புக்குப் பக்கத்தில வைக்க எனக்கு மனமும் இல்ல.

சாமான் வாங்கிறது

கொப்பர் பைப்: ஏசிக்குப் பாவிக்கிற 3/8 இஞ்ச் கையால வளையிற பைப், 10 மீட்டர். புதுசா வரேக்க 15 மீட்டர் ரோலா வரும், ஏசி திருத்துற கடையள்ள அடியால வெட்டித் தருவினம், 33 அடி கேளுங்கோ. கால் இஞ்ச் பைப் மலிவு எண்டு அதுக்குப் போகாதேங்கோ, தண்ணி ஓடாது. அரை இஞ்ச் நல்லம்தான், ஆனால் கையால வளைக்க முதுகு கழண்டிடும். கொப்பர் விலை ஏறி இறங்கிறதால போறதுக்கு முதல் ரெண்டு மூண்டு இடத்தில ஃபோன் பண்ணி அடி என்ன விலை எண்டு கேளுங்கோ. நான் போன கடை பாஸ், “தம்பி, ஏசிக்கா ஃப்ரிட்ஜுக்கா?” எண்டு கேட்டார். ஜிஞ்சர் பியருக்கு எண்டன். வெட்டின பைப்பைக் கையில வைச்சுக்கொண்டு என்னை ஒருக்காப் பாத்தார், பைப்பை ஒருக்காப் பாத்தார், ஒண்டும் சொல்லாமல் ரெண்டு முனையையும் ஃப்ளேர் பண்ணி, அதாவது வாயை விரிச்சுத் தந்தார். அந்த ஃப்ளேர் எவ்வளவு பெரிய உதவி எண்டு பிறகுதான் விளங்கிச்சு, முனை விரிஞ்சு இருக்கிறதால ஹோஸ் லேசில கழண்டு வராது. நீங்களும் கேட்டுச் செய்விச்சுக்கொள்ளுங்கோ.

ஸ்டெயின்லெஸ் பாவிக்கலாமோ எண்டால், பாவிக்கலாம். சூடு கடத்திறதில கொப்பர் அதை விட இருபது மடங்குக்கு மேல எண்டாலும், பைப்புச் சுவர் மெல்லிசு எண்டதால உண்மையான வித்தியாசம் அவ்வளவு வராது. ஆனால் விலை கூட, கையால வளைக்கிறதும் கஸ்டம். அலுமினியம் வேண்டாம்.

மிச்சச் சாமான்: நூல் வலை போட்ட தடிச்ச பிவிசி ஹோஸ் 4 மீட்டர், பைப்பு வெளி விட்டத்துக்கு இறுக்கமாப் போற அளவில. ஸ்க்ரூ வைச்ச ஹோஸ் கிளிப் நாலு. குழாயில மாட்டுற கனெக்டர் ஒண்டு. இதெல்லாம் ஓல்ட் மூர் ஸ்ட்ரீட் பக்கம் ஹாட்வெயார் கடையள்ள ஒரே நடையில முடியும், கனெக்டருக்கு மட்டும் உங்கட குழாய் வாயை அளந்துகொண்டு போங்கோ, நான் அளக்காமல் போய் ரெண்டு தரம் புறக்கோட்டைக்கு பஸ் ஏறினன். பிறகு மீன் கடையில கிடைக்கிற ரிஜிஃபோம் பெட்டி ஒண்டு, தண்ணிக்குள்ள முக்கி வைக்கிற பம்ப் ஒண்டு.

பம்ப் வாங்கேக்க பெட்டியில தண்ணி ஏத்துற உயரம் எவ்வளவு எண்டு பாருங்கோ, 2 மீட்டருக்கு மேல இருக்கவேணும். நான் முதல்ல வாங்கினது மேசை மீன் தொட்டிக்குப் போடுற குட்டிப் பம்ப். பத்து மீட்டர் ஒடுக்கமான பைப்புக்குள்ளால தள்ள அதுக்குச் சக்தி இல்ல, மற்றப் பக்கத்தால சின்னப் பிள்ளை மூத்திரம் போற மாதிரித்தான் வந்துது. அந்தக் காசு தண்டம்.

வளைக்கிறது

இதுதான் முழு வேலையும், அவசரப்பட்டால் பைப் மடியும், ஒருக்கா மடிஞ்ச இடம் திருப்பி நிமிராது. முதல்ல உங்கட பானையின்ர உள் விட்டத்தை அளவுங்கோ. என்ர பானை 32 சென்டிமீட்டர், 20 லீட்டர் ஊத்தினால் 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிக்கும். சுருள் பானைச் சுவரில முட்டக்கூடாது, சுத்திவர மூண்டு நாலு சென்டிமீட்டர் இடைவெளி வேணும், அதால 24 சென்டிமீட்டர் அகலமான ஒரு உருளை தேடினன். வீட்டில கிடந்த பழைய பெயின்ட் வாளி சரியா வந்துது. வாளி மேல அகலம் கீழ ஒடுக்கம் எண்டதால, சுத்தினாப் பிறகு கழட்ட சுகமா இருக்கும். வாளிக்குள்ள தண்ணி நிரப்பி மூடிவிடுங்கோ, இல்லாட்டி சுத்தேக்க நசிஞ்சிடும்.

ஒரு முனையில 60 சென்டிமீட்டரை விட்டிட்டு மார்க்கர் பேனையால கோடு போடுங்கோ, மேல நிமிந்து நிக்கப்போற அந்தத் துண்டுதான் தண்ணி உள்ள போற கை. அந்தக் கோட்டில இருந்து சுத்தத் தொடங்குங்கோ. பைப்பை இழுத்து வளைக்காதேங்கோ, வாளியைத்தான் உருட்டவேணும், பைப் நிலத்தில நேராக் கிடக்க வாளி அதுக்கு மேல உருண்டு போய்ச் சுத்தி எடுக்கோணும். ஒரு ஆள் வாளியை உருட்ட மற்ற ஆள் பைப்பைக் கையால அணைச்சுப் பிடிச்சால் பத்து நிமிஷ வேலை. நான் தனிய ஹோல் நிலத்தில இருந்து செய்தன், மனிசி வாசல்ல நிண்டு பாத்திட்டு ஒண்டும் கேக்காமல் உள்ள போட்டா.

ஒரு சுத்துக்கு ஏறக்குறைய 77 சென்டிமீட்டர் போகும், ரெண்டு கைக்கும் சேத்து ஒண்டரை மீட்டர் விட்டால் பதினொரு சுத்து வரும். சுத்தினாப் பிறகு அக்கோடியன் மாதிரி மெல்ல இழுத்து சுத்துக்குச் சுத்து ஒரு விரல் மொத்தத்துக்குக் கொஞ்சம் குறைய இடைவெளி விடுங்கோ. எல்லாம் ஒட்டிக்கொண்டு இருந்தால் நடுவில தண்ணி போய் வராது, பதினொரு சுத்து இருந்தும் பாதிதான் வேலை செய்யும். இடைவெளியோட என்ர சுருள் 17 சென்டிமீட்டர் உயரம், 20 லீட்டருக்குள்ள வடிவா முங்கும்.

பெரிய வட்டத்தில பைப் மடியாது. மடியிறது கையை மேல நிமித்துற அந்த 90 டிகிரி வளைவிலதான். ஏசி பாஸ்மார் பைப்புக்கு மேலால போடுற ஸ்பிரிங் வைச்சிருப்பினம், அதை இரவல் வாங்கினால் கவலையே இல்ல. கிடைக்காட்டி பைப்புக்குள்ள தூள் உப்பை நிரப்பி ரெண்டு பக்கமும் டேப்பால அடைச்சிட்டு வளையுங்கோ, பத்து மீட்டருக்கு அரைக் கிலோவுக்கு மேல போகும். சில பேர் மண் போடச் சொல்லுவினம், வேண்டாம், உப்பெண்டால் பிறகு குழாயைத் திறந்துவிடக் கரைஞ்சு போயிடும், மண்ணெண்டால் நத்தார் வரைக்கும் தட்டிக்கொண்டு இருக்கவேண்டியதுதான். வளைவை ஒரே மூச்சில எடுக்காமல் ஒரு பேணியைச் சுத்தி கொஞ்சம் கொஞ்சமா எடுங்கோ.

கீழ்ச் சுத்தில இருந்து வாற கையைச் சுருளுக்கு வெளிப்பக்கத்தால மேல கொண்டு வாங்கோ. ரெண்டு கையும் பானை விளிம்பைத் தாண்டி வெளியில வளைஞ்சு கீழ பாக்கவேணும், ஹோஸ் மாட்டுற மூட்டு பானைக்கு வெளியில தொங்கோணும். இது அலங்காரத்துக்கு இல்ல. என்ர முதல் சில்லரில மூட்டு பானைக்கு நேர மேல இருந்துது, கிளிப் கொஞ்சம் தளந்து போய்ச் சொட்டுச் சொட்டா வடிஞ்சிருக்கு, நான் கவனிக்கேல்ல. மூண்டாம் நாள் போத்தலைத் திறந்தால் புளிச்ச வாடை, இருபது லீட்டரையும் சிங்க்கில ஊத்தினன். சுருள் குலையாமல் இருக்க மூண்டு இடத்தில மெல்லிய கொப்பர் வயராலேயே கட்டுங்கோ, ஈயம் பத்த வைக்காதேங்கோ, பானைக்குள்ள போற இடத்தில ஒட்டு வேலையே இருக்கக்கூடாது.

ஹோஸ் முனையை ரெண்டு நிமிஷம் கொதிதண்ணியில பிடிச்சு இளக்கிப் போட்டு ஃப்ளேருக்கு மேலால ஏத்தி, கிளிப்பை ஃப்ளேருக்குப் பின்னால இறுக்குங்கோ. முதல் தரம் சூடு ஏறின உடன ஹோஸ் இளகும், அப்ப இன்னொருக்கா இறுக்கவேணும்.

கழுவிறது

புதுப் பைப்பில எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பாத்திரம் கழுவுற சோப்பால ஒருக்கா, பிறகு பழப்புளியும் உப்பும் போட்டுத் தேயுங்கோ, அம்மா திருக்கார்த்திகைக்குக் குத்துவிளக்கு மினுக்குற அதே முறைதான். ரோசா நிறத்தில பளபளக்கும். உள்ளுக்குள்ள குழாய்த் தண்ணிதான் ஓடப்போகுது, அது பானையோட சேராது, அதால உள்பக்கம் பத்து நிமிஷம் தண்ணி ஓடவிட்டால் போதும்.

செம்பும் புளிப்பும் சேரக்கூடாது எண்டு எங்கட வீடுகள்ள சின்னனில இருந்தே சொல்லித் தந்தது இங்க அப்பிடியே பொருந்தும். ஜிஞ்சர் பியருக்குத் தேசிக்காய் விடுறது எண்டால் சில்லரை வெளியில எடுத்தாப் பிறகுதான் விடவேணும். கொம்புச்சாவுக்கும் வெறும் சீனித் தேத்தண்ணியத்தான் இதால ஆத்தலாம், ஸ்டார்ட்டர் எண்ட பழைய புளிச்ச கொம்புச்சாவை ஊத்தின பிறகு சுருள் கிட்டவும் போகக்கூடாது. புளிப்பு கொப்பரைக் கரைக்கும், அது வயித்துக்கு ஆகாது. சுருளில பச்சையாக் களிம்பு பிடிச்சிருந்தால் தேய்ச்சுப் போக்காமல் பானைக்குள்ள விடாதேங்கோ.

ஓட்டிப் பாக்கிறது

முதல்ல வெறும் தண்ணியில ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ, இஞ்சி சீனி வாங்கிற காசு மிச்சம். ஒழுகுது எண்டால் அதிலயே தெரியும்.

உண்மையான காய்ச்சலில, அடுப்பை நிப்பாட்ட பதினஞ்சு நிமிஷம் இருக்கேக்கயே சுருளைப் பானைக்குள்ள இறக்கிவிடுங்கோ, கொதியில சுருள் தானாக் கிருமி நீங்கும், வேற மருந்து தேவையில்ல. ஆனால் ஹோஸ் ரெண்டு முனையும் வாளிக்குள்ள இருக்கோணும். பைப்புக்குள்ள கொஞ்சம் பழைய தண்ணி கிடந்தாலும் அது ஆவியாகிச் சீறிக்கொண்டு வெளியில வரும். குசினியில பிள்ளையள் நிண்டால் வெளியில அனுப்புங்கோ.

குழாய்த் தண்ணி எந்த நேரம் எண்டதும் முக்கியம். எங்கட மொட்டை மாடியில இருக்கிற கறுப்புத் தாங்கித் தண்ணி பின்னேரம் மூண்டு மணிக்கு அளந்து பாத்தன், 36 டிகிரி. அதே தாங்கி விடிய ஆறு மணிக்கு 29. நேரா மெயின் லைனில இருந்து வாற குழாய் இருந்தால் அதில மாட்டுங்கோ, இல்லாட்டி விடியக் காய்ச்சுங்கோ. மத்தியானத்தில காய்ச்சிறது ஐஸ் கடைக்காரருக்கு லாபம்.

அடுப்பை நிப்பாட்டி, உள்ள போற ஹோஸைக் குழாயில மாட்டி, குழாயைத் திறவுங்கோ. முழுசாத் திறக்காதேங்கோ, இங்கதான் கன பேர் தண்ணிய வீணாக்கிறது. நிமிஷத்துக்கு ஆறு லீட்டர் விட்டால் 95ல இருந்து 40க்கு வர இருபது நிமிஷம், தண்ணி 120 லீட்டர். அதைப் பாதியாக் குறைச்சு மூண்டு லீட்டர் விட்டால் 25 நிமிஷம், தண்ணி 75 லீட்டர். அஞ்சு நிமிஷத்துக்காக 45 லீட்டரை ஊத்திறது விசர் வேலை. தண்ணி மெதுவாப் போகேக்க ஒவ்வொரு லீட்டரும் கூடச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும், அதால முதல் வாளியில வாற தண்ணி 60 டிகிரி தாண்டும், கையை வைச்சிடாதேங்கோ. அந்த வாளி எண்ணெய்ச் சட்டி கழுவ, அடுத்த வாளி உடுப்பு ஊறப்போட, மிச்சம் பூமரத்துக்கு ஆறினாப் பிறகு.

சுருளைச் சும்மா விட்டிட்டுப் போய் ரிவி பாக்கேலாது. சுருளைத் தொட்டுக்கொண்டு நிக்கிற தண்ணி மட்டும் குளிர்ந்து, மற்றது சூடாவே நிக்கும். சுருளின்ர கையைத் துணியால பிடிச்சு சுருளையே மெல்ல மேல கீழ அசைச்சுக்கொண்டு இருங்கோ, அகப்பையால கிண்டிறதை விட இது நல்லம். அசைக்கிற நேரம் வெளியில வாற ஹோஸைப் பிடிச்சுப் பாருங்கோ, உடன சூடேறும். அசைக்கிறதை நிப்பாட்டினால் அது ஆறும். பானைக்குள்ள என்ன நடக்குது எண்டு அந்த ஹோஸே சொல்லும், நான் இப்ப தேர்மோமீட்டரைக் கடைசியிலதான் எடுக்கிறது.

வெளியில வாற ஹோஸும் உள்ள போற ஹோஸும் ஏறக்குறைய ஒரே சூடாத் தெரிஞ்சால் குழாய்த் தண்ணியின்ர வேலை முடிஞ்சுது, பானை 40க்குக் கிட்ட இருக்கும். இனி மல்லுக்கட்டாமல் ஐஸுக்கு மாறுங்கோ.

ரிஜிஃபோம் பெட்டிக்குள்ள பம்ப் முங்கிற அளவுக்கு மட்டும் தண்ணி, ஒரு அஞ்சு லீட்டர், அதோட அஞ்சு கிலோ ஐஸ். உள்ள போற ஹோஸைக் குழாயில இருந்து கழட்டிப் பம்பில மாட்டுங்கோ, வெளியில வாற ஹோஸைப் பெட்டிக்குள்ளயே விடுங்கோ, அதே தண்ணி சுத்திச் சுத்தி ஓடும். பத்துப் பதினஞ்சு நிமிஷத்தில 27. இந்த ஐஸ் குடிக்கிற தண்ணியோட சேராது, அதால மீன் கடை ஐஸே போதும். தண்ணிப் போத்தலை ஃப்ரீசரில உறைய வைச்சும் போடலாம், ஆனால் போத்தல் ஐஸ் மெதுவாத்தான் கரையும், நொறுக்கின ஐஸ் மாதிரி வேகம் வராது. ஐஸுக்குள்ள உப்புப் போட்டால் இன்னும் குளிரும் எண்டு ஒரு சினேகிதன் சொன்னவன், போடாதேங்கோ, பம்பும் கொப்பரும் அரிச்சுப்போகும்.

குழாய்த் தண்ணியே வேண்டாம், நேரா ஐஸிலயே தொடங்குவம் எண்டு நினைச்சால் கணக்கைப் பாருங்கோ. 20 லீட்டரை 95ல இருந்து 27க்கு ஐஸால மட்டும் இறக்க 17 கிலோ கிட்டப் போகும். முதல் 55 டிகிரியை ஓசித் தண்ணி எடுக்கட்டும், கடைசி 13க்கு மட்டும் ஐஸுக்குக் காசு குடுங்கோ.

பம்ப் 230 வோல்ட்டில ஓடுறது எண்டால் ட்ரிப் சுவிட்ச் இருக்கிற லைனில மட்டும் மாட்டுங்கோ, வயர் பிளக்குக்குப் போக முதல் கீழ தொங்கி வளைஞ்சு போகோணும், அப்பத்தான் வயர் வழியா வடியிற தண்ணி பிளக்குக்குள்ள போகாது. பெட்டிக்குள்ள கை வைக்கேக்க பிளக்கைக் கழட்டுங்கோ. 12 வோல்ட் பம்ப் கிடைச்சால் அதுதான் நிம்மதி.

27 வந்த உடன சுருளை வெளியில எடுங்கோ, எடுக்கேக்க ஹோஸ் முனையள் பானைக்கு மேலால வராமல் பாருங்கோ, அந்த ஒரு நேரத்திலதான் ஐஸ் தண்ணி பானைக்குள்ள ஊத்துப்படும். பிறகு தேசிப்புளி, ஈஸ்ட், மூடி.

சுருளை உடனயே கழுவுங்கோ, சீனி காய்ஞ்சால் எறும்பு ஊர்வலம். ஒரு முனையில வாயை வைச்சு ஊதி உள்ள இருக்கிற தண்ணிய வெளியேத்திப் போட்டு, பல்கனியில ஆணியில தொங்கவிடுங்கோ. ரெண்டு முனையையும் துணித் துண்டால அடைச்சு வையுங்கோ. நான் போன வருஷம் அடைக்காமல் விட்டு, நத்தாருக்கு முதல் நாள் குழாயைத் திறந்தால் தண்ணி போகேல்ல, குளவி உள்ளுக்குள்ள மண்வீடு கட்டியிருக்கு, ஏசி பாஸிட்டக் கொண்டு போய்க் காத்தடிச்சுத்தான் எடுத்தது. இந்தமுறை அவர் ஜிஞ்சர் பியர் எங்க எண்டு கேட்டவர், ரெண்டு போத்தல் குடுத்தன்.